சலூனில் பட்ட கீறல்: ஐந்தாவது பரிசோதனை வேண்டாம்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): டாக்டர் ஐயா, எனக்கு 29 வயது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கும்பகோணத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை பார்க்கிறேன். சித்திரைக் கடைசியில், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், எங்கள் ஊர்க் கடைத்தெரு சலூனில் ஷேவிங் செய்தபோது தாடையில் கீறி ரத்தம் வந்துவிட்டது. கடைக்காரர் படிகாரக் கல்லைத் தேய்த்துவிட்டார். எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர் எங்கள் ஊர் டீக்கடை அண்ணன். அவர் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று இரண்டு வாரம் கழித்து ஒரு நண்பன் சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான்கு முறை ரத்தம் கொடுத்துவிட்டேன், கடைசியாக ஆவணியில். எல்லாமே நெகட்டிவ். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஆடியில் காய்ச்சல் வந்தது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. ஐந்து கிலோ குறைந்துவிட்டேன். அவர் கடையில் டீ குடித்த கிளாஸ், கொசுக்கடி, வயலில் காலில் குத்திய முள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து பயமுறுத்துகிறது. அக்கா குழந்தையைத் தூக்குவதில்லை. தை மாதம் கல்யாணம். நிறுத்திவிடலாமா? அல்லது ஐந்தாவதாகப் பி.சி.ஆர். பரிசோதனை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஐந்தாவது பரிசோதனையும் வேண்டாம். உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளையும் முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதற்காக உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லி அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. நாலைந்து மாதமாகத் தூக்கம் போய், எடை குறைந்து, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த அக்கா குழந்தையைத் தொடப் பயந்து வாழ்கிறவருக்கு ஒரு நோய் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு நல்ல வைத்தியமும் இருக்கிறது. முதலில் சலூன் விஷயத்தை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

எச்.ஐ.வி. கிருமி ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் இவற்றில்தான் தொற்றக்கூடிய அளவுக்கு இருக்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகத் தொற்றாது. அந்தத் திரவங்களில் ஒன்று இன்னொருவரின் உடலுக்குள், ஈரம் காயாமல், போதுமான அளவில் போய்ச் சேர வேண்டும். ஆணுறை இல்லாத உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வது, தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றுவது, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது ஆகியவைதான் வழிகள். நம் மாநிலத்தில் பெரும்பாலானவர்களுக்கு உடலுறவு வழியாகத்தான் வந்திருக்கிறது.

அளவு என்பது இங்கே எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். தொற்றுள்ள ரத்தத்தை ஒரு பை முழுக்க ஏற்றிவிட்டால் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தொற்றும். 2018 இல் நம் மாநிலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அப்படி நடந்து ஊரே பதறியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதுவே, எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குப் போட்டு எடுத்த ஊசி, ரத்தம் காயும் முன்பே ஒரு செவிலியரின் கையில் தவறிக் குத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் குத்துப்பட்டவர்கள் ஆயிரம் பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் தொற்றுகிறது. அதுவும் தடுப்பு மருந்து எடுக்காமல் விட்டால்தான். இத்தனைக்கும் அது உள்ளே துளை உள்ள ஊசி, துளைக்குள் ரத்தம் நிற்கும், சதைக்குள் ஆழமாக இறங்கும்.

இப்போது உங்கள் சலூன் நாற்காலிக்கு வாருங்கள். இப்போதெல்லாம் பெரும்பாலான கடைகளில் பிளேடைப் பாதியாக உடைத்து ஆளுக்கு ஒன்று மாட்டுகிறார்கள். அன்று மாற்றினாரா என்பது உங்களுக்கு நினைவில்லை. சரி, மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த அண்ணனுக்கும் அன்று கீறல் பட்டிருக்க வேண்டும். அந்த ரத்தம் பிளேடில் தங்கியிருக்க வேண்டும். நடுவில் பிளேடைத் துடைத்தது, தண்ணீரில் அலசியது, உங்கள் முகத்து சோப்பு நுரை, இத்தனையையும் தாண்டி அது உங்கள் மேல்தோல் கீறலுக்குள் போயிருக்க வேண்டும். காற்றுப் பட்டுக் காயக் காய அந்தக் கிருமி தொற்றும் திறனை வேகமாக இழந்துவிடும். படிகாரக் கல்லைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பல முகத்தில் தேய்க்கும் கல் என்பதால் அது சுத்தமான பழக்கம் இல்லை. முகப்பரு சீழ் பிடிக்கலாம், தோல் தொற்று வரலாம். எச்.ஐ.வி. அதில் வராது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. உங்கள் நண்பன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அந்த அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றுதானே சொன்னான்? ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில்கூடத் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கி அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்றுவதில்லை என்பது ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பல வருடம் கவனித்து உறுதி செய்யப்பட்டிருக்கிறது. உங்களை இத்தனை மாதம் நடுங்க வைத்த அந்த மாத்திரைதான் அவரைச் சுற்றியுள்ளவர்களையும் காப்பாற்றுகிறது.

டீ கிளாஸ் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. ஒரே கிளாஸ், ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, கைகுலுக்கல், ஒரே பைக்கில் உட்கார்ந்து போவது, ஒரே குளத்தில் குளிப்பது, இவற்றில் எதிலும் வராது.

கொசு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதிக்காரர்களுக்கு அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று வெளியூர்க்காரர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் தெருவுக்கு ஒருவரையாவது வீங்கிய காலோடு பார்த்திருப்பார்கள். அதைக் கொசுதானே பரப்பியது, இதை ஏன் பரப்பாது என்று தோன்றுவது இயல்பு. யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, அடுத்தவரைக் கடிக்கும்போது இறங்கத் தயாராகிறது. மலேரியாக் கிருமியும் கொசுவுக்குள் வளர்கிறது. எச்.ஐ.வி.க்குக் கொசுவின் உடலில் பிழைக்க வழியே இல்லை. குடித்த ரத்தத்தோடு சேர்ந்து அதன் வயிற்றிலேயே செரித்துப்போகும். தவிர, கொசு கடிக்கும்போது தன் எச்சிலைத்தான் நமக்குள் விடுகிறது, முன்பு குடித்த ரத்தத்தைத் திரும்ப விடுவதில்லை. கொசுவால் பரவும் என்றால், சாக்கடை ஓரத்தில் வீடு உள்ள அத்தனை பேருக்கும், கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை, எப்போதோ வந்திருக்க வேண்டும். எங்குமே அப்படி நடக்கவில்லை.

வயலில் குத்திய முள்ளுக்கும் எச்.ஐ.வி.க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் காலில் காயத்தோடு சேற்றில் இறங்கினால் நம் ஊரில் உண்மையாகப் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கும் டெட்டனஸுக்கும்தான். நாற்றங்கால் வேலை, நடவு, வெள்ளம் வடிந்த பிறகு வரும் நாட்கள், இவற்றில் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை பிடித்து வலித்து, கண் சிவந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. பயத்தில் பாதி இந்த மாதிரி நிஜ நோய்களின் மேல் இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அடுத்து, பரிசோதனை. தொற்று ஏற்பட்ட உடனே ரத்தத்தில் தெரியாது என்பது உண்மை. அந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்போம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) செய்யும் வழக்கமான பரிசோதனைக்கு அதை மூன்று மாதம் என்று கணக்கு வைக்கிறோம். ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை ஆறேழு வாரத்திலேயே சொல்லிவிடும். உங்கள் கடைசி ரத்தம் மூன்று மாதம் தாண்டி எடுத்தது. அது நெகட்டிவ். அதோடு கதை முடிந்தது. நீங்கள் எனக்கு எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட வேறு சம்பவம் ஏதாவது அந்தத் தேதிக்கு முன்பு நடந்திருந்தாலும் கணக்கு அதேதான்: அதற்கும் அந்த ரத்தத்துக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தால் பதில் வந்துவிட்டது. அப்படி ஏதும் இருந்து, மூன்று மாதம் ஆகவில்லை என்றால் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள். இப்படிப் பல கதைகளைக் கேட்டவர்கள் அவர்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே செலவும் இல்லை, விஷயம் வெளியே போகவும் போகாது.

பி.சி.ஆர்., அதாவது கிருமியின் மரபணுவையே ரத்தத்தில் தேடுவது, உங்களுக்குத் தேவைப்படாத பரிசோதனை. தாயின் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் கலந்திருக்கும் கைக்குழந்தைகளுக்கும், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களின் கிருமி அளவை அறியவும்தான் அதை முக்கியமாகப் பயன்படுத்துகிறோம். தொற்றே இல்லாத ஒருவருக்கு அதைச் செய்தால் அபூர்வமாகச் சிறிய ஒரு எண்ணைத் தவறாகக் காட்டிவிடவும் கூடும். இப்போது நீங்கள் இருக்கும் மனநிலையில் அப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வரவே கூடாது.

ஆடியில் வந்த காய்ச்சலைப் பார்ப்போம். எச்.ஐ.வி.யின் முதல் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வரும். உங்களுக்கு இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறது, மூன்று நாளில் போயும் விட்டது. கழுத்து நெறி பற்றி நீங்கள் எழுதிய விதத்திலேயே பதில் இருக்கிறது: தினமும் கண்ணாடி முன் நின்று அமுக்கி அமுக்கிப் பார்க்கிறீர்கள். தாடைக்குக் கீழே சிறு முடிச்சுகள் பலருக்கும் கைக்குத் தட்டுப்படும். பல் சொத்தை, தொண்டைப் புண், முகப்பரு எதுவும் காரணமாகலாம். அமுக்கிக்கொண்டே இருந்தால் வலிக்கவும் செய்யும், வீங்கவும் செய்யும். எடை குறைந்ததை மட்டும் நான் பயத்தின் கணக்கில் மொத்தமாக எழுதிவிட மாட்டேன். சாப்பாடும் தூக்கமும் இல்லாததால்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் கொடுங்கள். ஒரே ஒருமுறை மட்டும்.

இப்போது உண்மையான நோய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி சலூனைப் பற்றியதல்ல. ஒவ்வொரு ரிசல்ட் வந்ததும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் 'ஆய்வகத்தில் ரத்தக் குழாயை மாற்றியிருப்பார்களோ' என்று தொடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. கடல் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்க்கப் பார்க்கும் வேலை அது. குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும். பரிசோதனை, இரவு இரண்டு மணிக்கு போனில் அறிகுறிகளைத் தேடுவது, கண்ணாடி முன் கழுத்தை அமுக்குவது, கையை டெட்டால் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவது, நண்பனிடம் 'ஒன்றும் ஆகாதுல்ல?' என்று கேட்பது, இவை எல்லாம் அப்போதைக்குப் பயத்தைத் தணித்து அடுத்த முறை அதை இன்னும் பலமாக வரவைக்கின்றன. மனநல மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வடிவமாகவோ, நோய் குறித்த தீவிரப் பதற்றமாகவோ இருக்கலாம். எது என்று நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வார். பைத்தியம் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. மிகவும் பொறுப்பானவர்களுக்கு, தன்னால் இன்னொருவருக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று தவிப்பவர்களுக்குத்தான் இது அடிக்கடி வருகிறது. அக்கா குழந்தையை நீங்கள் தள்ளி வைத்ததும் அந்தப் பாசத்தால்தானே?

எச்.ஐ.வி.யைப் பற்றி இவ்வளவு பயம் நம் மனதில் எப்படி வந்தது என்பதும் யோசிக்க வேண்டியது. 1986 இல் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமி கண்டறியப்பட்டதே சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வெகு காலம் கையில் மருந்து இல்லை, எச்சரிக்கை மட்டுமே இருந்தது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்ட காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடப் பையன். வந்தால் சாவு என்ற பாடம் அப்போது மனதில் பதிந்துவிட்டது. சினிமா தியேட்டர் சீட்டில் ஊசி, வாழைப்பழத்தில் ரத்தம் என்று இன்றும் போனில் சுற்றும் வதந்திகள் அந்தப் பயத்தைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. நம் மாநிலத்தில் அது தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கியது. இன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்த சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. சர்க்கரை நோயாளி போலவே வேலைக்குப் போய், பிள்ளை குட்டிகளைப் படிக்க வைத்து வாழ்கிறார்கள். மருந்து மாறியது, பாடம் மட்டும் மாறவில்லை.

சரி, என்ன செய்வது? மனநல மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாள் வருகிறார் என்று விசாரியுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் அடியாகப் போனில் பேச 14416 என்ற டெலி-மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், உண்டு. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பேச்சு சிகிச்சையில், பயம் சொல்வதைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். மாத்திரை கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள். இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கம் ஏற்படுத்துவதில்லை. ஆனால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். நீங்களாக நடுவில் நிறுத்தக் கூடாது.

இன்றைக்கே தொடங்க முடிந்தது ஒன்று உண்டு. கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், போனில் தேட வேண்டும் என்று கை பரபரக்கும்போது அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பயத்தோடு வாதாட வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். அக்கா குழந்தையை இன்று மாலையே தூக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த டீக்கடை அண்ணன். அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் காரணத்தைச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, தம்பி. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, பயத்தில் இருப்பவர் வாயில் எதுவும் வந்துவிடும். ஆனால் மாத்திரை வாங்கும் வரிசையில் யாரோ பார்த்ததாக வந்த ஒரு பேச்சு, கைக்குக் கை மாறி ஒருவரின் அடுப்பை அணைத்துவிடக்கூடியது. அந்த மாதிரி கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், ஊர் பார்த்துவிடும் என்று பயந்து மாத்திரை வாங்க வராமலே நின்றுவிடுகிறவர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்க 2017 இல் சட்டமே வந்தது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும். அந்த இரண்டு பேரிடமும் 'நான் கேள்விப்பட்டதை நம்பி உளறிவிட்டேன், அதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்து, மருத்துவர் சொல்லும் கட்டத்தில், அந்தக் கடைக்குப் போய் கிளாஸைத் துடைக்காமல் ஒரு டீ குடியுங்கள். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம், எதையும் விளக்கவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம். ஆணுறை இல்லாத உடலுறவு, அல்லது மருத்துவமனை வேலையில் ஊசி குத்துவது போன்ற நிஜமான ஆபத்து நடந்திருந்தால் மூன்று மாதம் காத்திருந்து கவலைப்படாதீர்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே, மருத்துவமனைக்குப் போனால், தேவை என்று மருத்துவர் கருதினால் 28 நாள் தடுப்பு மருந்து தொடங்குவார். சந்தேகம் கேட்க 1097 இலவச எண். சலூன் கீறலுக்கு இந்த மருந்து தேவையில்லை. சலூனுக்குப் போகும்போது 'புது பிளேடு போடுங்க' என்று கேட்டுக்கொண்டால் போதும். பிளேடு வழியாக வரக்கூடியதாக நான் யோசிப்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆறு மாதத்தில் மூன்று ஊசி. போடாதவர்கள் போட்டுக்கொள்ளலாம். திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்தினால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடைசியாகக் கல்யாணம். பெண்ணிடம் எச்.ஐ.வி. பயத்தைப் பற்றி இப்போது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் துடிப்பு இருக்கலாம். அதுவும் நிம்மதி தேடும் இன்னொரு வழிதான், கொஞ்சம் பொறுங்கள். ஆனால் சிகிச்சை எடுப்பதை மறைத்துக் கல்யாணம் செய்ய வேண்டாம். பதற்றத்துக்கு மருத்துவரைப் பார்க்கிறேன், தேறி வருகிறேன் என்று தைக்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். வாழ்க்கை முழுக்கக் கூட இருக்கப் போகிறவர் அதைத் தெரிந்துகொள்வது நியாயம், உங்களுக்கும் பாரம் குறையும். இப்போது புரட்டாசி. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வாரங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தைக்குள் நீங்கள் நன்றாகத் தூங்கிச் சாப்பிடும் நிலைக்கு வர அவகாசம் இருக்கிறது. தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போய் வாருங்கள்.